பெரிய ஸ்பீக்கர் சோடி வாங்கப் போகிறீர்களா? முதலில் ஹோலை அளங்கள்

பாட்டுக் கேட்பதில் பைத்தியமான நாலு பேர் மட்டக்களப்பில் எங்கே கூடினாலும் இந்த வாக்குவாதம் வந்துவிடும். நெஞ்சு உயரத்துக்கு நிலத்தில் நிற்கிற பெரிய சோடி இல்லாவிட்டால் அது பாட்டுக் கேட்கிறதே இல்லை என்று ஒரு பக்கம். தட்டில் வைக்கிற சின்னப் பொக்ஸும் நல்ல அம்ப்ளிபயரும் இருந்தால் மிச்சமெல்லாம் வீண் காசு என்று மற்றப் பக்கம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பொக்ஸ் எந்த ஹோலில், எந்தச் சுவரில் இருந்து எத்தனை அடியில் நிற்கப் போகிறது என்று கேட்காமல் இதைக் கதைத்து முடிக்க ஏலாது. கல்லடியிலோ களுவாஞ்சிகுடியிலோ கல்முனையிலோ ஒரு சாதாரண வீட்டு ஹோலுக்குப் பெரிய சோடி எடுக்க நினைக்கிறவர், காசைக் கொடுக்கும் முன்னும் கொடுத்த பின்னும் செய்ய வேண்டியவற்றை எனக்குத் தெரிந்த ஒழுங்கில் எழுதுகிறேன். நான் பெரிய பொக்ஸின் பக்கம்தான், ஆனால் எல்லா வீட்டுக்கும் இல்லை.

பெரியது என்ன தருகிறது

சத்தம் கூட வரும் என்பது அதன் பெருமை இல்லை. பேஸ் என்பது காற்றைத் தள்ளுகிற வேலை. ஒரே அளவு சத்தத்தோடு ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமானால் கோன் தள்ள வேண்டிய காற்று நாலு மடங்காகிறது. 80 ஹேர்ட்ஸில் இருந்து 40க்கு இறங்க நாலு மடங்கு, 20க்கு இறங்கப் பதினாறு மடங்கு. பேஸைத் தருகிற பெரிய கோனுக்குத்தான் ஊஃபர் என்று பெயர். 15 அங்குல ஊஃபர் ஒன்றின் பரப்பு ஆறரை அங்குல ஊஃபரைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு என்பதால், அதே காற்றைத் தள்ள அது ஆறில் ஒரு பங்கு தூரம் அசைந்தால் போதும். அசைவு குறைந்தால் திரிபு குறையும். கூத்துக் களரியில் அண்ணாவியாருக்குப் பக்கத்தில் நின்றவருக்கு மத்தளத்தின் அடி நெஞ்சில் வந்து எப்படி இடிக்கும் என்று தெரியும். சின்னப் பொக்ஸ் அந்த அடியின் தட்டலைத் தரும், தோல் அசைகிற கனத்தைப் பாதியில் விட்டுவிடும். நல்ல பெரிய சோடி அதைச் சிரமமில்லாமல் தருகிறது. இந்தச் சிரமமில்லாத தன்மைக்காகத்தான் ஆட்கள் காணி விற்கிற அளவுக்குப் போகிறார்கள், அது எனக்கு நன்றாக விளங்குகிறது.

அமெரிக்காவின் கே.எல்.எச் ஸ்பீக்கர் கம்பனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜோசப் அன்ரன் ஹொஃப்மனின் பெயரில் ஒரு விதி இருக்கிறது. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் கூடிய சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுக்கலாம், மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். விளம்பரம் எதைச் சொன்னாலும் இந்த விதியை யாரும் தாண்டியதில்லை. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வருகிறது என்பதுதான் உணர்திறன். 84 டெசிபல் உணர்திறன் உள்ள சின்னப் பொக்ஸுக்கு 100 வாட் தேவைப்படுகிற இடத்தில் 94 டெசிபல் உள்ள பெரிய பொக்ஸுக்கு 10 வாட் போதும், ஏனென்றால் 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு வாட். கடையில் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிற வாட் எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த உணர்திறன் எண்ணைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் பாருங்கள்.

பெரியது என்பதும் ஒரே வகை இல்லை. போல் கிளிப்ஷ் 1946இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கிளிப்ஷோர்ன் என்ற குழல் ஸ்பீக்கர் அறையின் மூலையையே தன் குழலின் கடைசிப் பகுதியாக எடுத்துக்கொள்ளும், மூலை இல்லாத இடத்தில் அதற்கு வேலையே இல்லை. பீற்றர் வோக்கர் செய்து 1957இல் வந்த குவாட் மின்நிலைப் பலகை (கோனுக்குப் பதிலாக மெல்லிய பிளாஸ்டிக் தாளை மின்னேற்றம் அசைக்கும்), பார்க்க அகலமான அறை ஹீற்றர் மாதிரி இருக்கும், பெட்டியே கிடையாது, குரல் அதில் வருகிற மாதிரி வேறொன்றில் வர நான் கேட்டதில்லை, ஆனால் பேஸில் பலம் குறைவு. சின்னப் பொக்ஸ்காரர்கள் எப்போதும் இழுத்துக்கொண்டு வருகிற எல்.எஸ் 3/5ஏ என்ற சின்னப் பொக்ஸ், பிபிசி தன் ஒலிபரப்பு வாகனங்களுக்காக 1970களில் உருவாக்கியது. பெட்டியின் உள் அளவு ஏறக்குறைய 5 லீற்றர். வாகனத்துக்குள் இருந்து பேச்சைச் சரிபார்க்கச் செய்தது, அந்த வேலையை இன்றைக்கும் அற்புதமாகச் செய்யும். அதைக் காட்டி 30 அடி ஹோலுக்கும் அது போதும் என்று சொல்வது அதற்கே அநியாயம்.

அளக்கும் வேலை

ஒரு டேப்பை எடுத்து ஹோலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீற்றரில் அளங்கள். 174ஐ ஒவ்வொன்றாலும் பிரியுங்கள். வருகிற எண்தான் அந்தத் திசையில் உங்கள் அறை தானாக முழங்கும் முதல் ஹேர்ட்ஸ். புத்தகங்களில் 172 என்று இருக்கும், அது 20 பாகைக் காற்றுக்கு, எங்கள் 30 பாகையில் ஒலி கொஞ்சம் வேகமாக ஓடும். 12 அடி என்றால் 3.66 மீற்றர், அதற்கு 47 அல்லது 48 ஹேர்ட்ஸ். 15 அடிக்கு 38. பத்தடி உயரத்துக்கு 57. இப்போது 12க்கு 12 என்று சதுரமாகக் கட்டிய ஹோலை நினைத்துப் பாருங்கள். இரண்டு திசையிலும் அதே 47 ஹேர்ட்ஸ் வந்து ஒன்றின் மேல் ஒன்று விழும், அந்த ஒரு சுரம் மட்டும் வீடு அதிர முழங்கும், அதற்குப் பக்கத்துச் சுரங்கள் காணாமல் போகும். அப்படியான ஹோலில் 30 ஹேர்ட்ஸ் வரைக்கும் இறங்குகிற பெரிய சோடியை வைத்தால் காசைக் கொடுத்து அந்த முழக்கத்தை வாங்கியதாகிவிடும். சின்னப் பொக்ஸ் 60 ஹேர்ட்ஸுக்குக் கீழே இறங்காததால் அந்த முழக்கத்தை அவ்வளவாகத் தட்டி எழுப்பாது. எங்கள் ஊரில் எத்தனையோ பேர் சின்னதுதான் சுத்தமாகக் கேட்கிறது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான், அவர்களின் காது பிழை இல்லை.

இன்னொரு விஷயம், வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்துவிட்டு முடிவெடுக்கிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. அமெரிக்க வீடுகளின் உட்சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. பேஸ் பட்டால் அந்தச் சுவர் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், கொடுக்கும்போது பேஸின் ஒரு பங்கை விழுங்கிவிடும். எங்களுடையது செங்கல் அல்லது சீமெந்துக் கல், இரண்டு பக்கமும் பூச்சு, கீழே சீமெந்துத் தரையில் டைல்ஸ். அது எதையும் விழுங்காது, அப்படியே திருப்பி அடிக்கும். ஆகவே அங்கே அளவாகக் கேட்ட பேஸ் இங்கே கூடுதலாகக் கேட்கும். எங்களுக்குள்ள நன்மை, வீட்டுக் கதவும் ஜன்னலும் எப்போதும் திறந்து கிடப்பது. விறாந்தைப் பக்கம் முழுதாகத் திறந்த ஹோல் ஒன்றில் பேஸ் வெளியே ஓடிவிடும், முழக்கம் குறையும், அப்படியான ஹோலுக்குத்தான் பெரிய ஊஃபரின் பலம் உண்மையில் தேவைப்படும். கதவைச் சாத்தி ஏசி போட்டுக் கேட்கிறவரின் நிலைமை வேறு. நீங்கள் எப்படிக் கேட்கிறீர்களோ அப்படி வைத்துக்கொண்டுதான் எல்லாச் சோதனையும் செய்ய வேண்டும்.

பிறகு தூரம். ஒலியை மூன்றாக, நாலாகப் பிரித்துத் தனித்தனிக் கோனுக்குக் கொடுக்கிற பெரிய மூன்று வழி, நாலு வழிப் பொக்ஸில் மேல் சுரம் தருகிற ட்வீற்றர் ஒரு உயரத்தில் இருக்கும், ஊஃபர் நிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஆளின் குரலாக வர இடைவெளி வேண்டும். என் கணக்குக்கு ஒன்பது அடி, முடிந்தால் பத்து. கதிரையை ஏழடிக்குள்தான் போட முடியும் என்றால் பெரிய சோடியை மறந்துவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஏழடியில் இருந்து கேட்டால் பாடகரின் தலை ஒரு இடத்திலும் நெஞ்சு இன்னொரு இடத்திலும் கேட்கும்.

பொக்ஸுக்குப் பின்னால் இரண்டரை அடி, பக்கச் சுவருக்கு இரண்டடி, உங்கள் தலைக்குப் பின்னால் மூன்றடி, இவற்றையும் கழித்துப் பாருங்கள். எதுவும் மிஞ்சாவிட்டால் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. காத்தான்குடி மாதிரி வீடும் வீடும் சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கிற இடத்தில் இன்னொரு கழித்தலும் உண்டு. ட்வீற்றரின் சத்தத்தைச் சுவர் தடுக்கும், 40 ஹேர்ட்ஸைத் தடுக்காது, அது அடுத்த வீட்டுப் பிள்ளை சோதனைக்குப் படிக்கிற மேசை வரைக்கும் போகும்.

கண்ணை மூடிக் கேட்கும் சோதனை

வாக்குவாதத்தை முடிக்க நேர்மையான வழி இது ஒன்றுதான், ஆனால் யாரும் செய்வதில்லை. 1994இல் ஃபிளொய்ட் டூலும் ஷோன் ஒலிவும் ஸ்பீக்கர் செய்கிற ஹார்மன் கம்பனியில் ஒரு சோதனை செய்தார்கள். அதே ஆட்கள், அதே ஸ்பீக்கர்கள், ஒரு முறை திரைக்குப் பின்னால், ஒரு முறை கண்ணுக்கு முன்னால். பார்த்துக் கேட்டபோது விலை குறைந்த சின்னத் தொகுதிக்குக் கொடுத்த புள்ளி இறங்கியது. திரை இருந்தபோது அறையில் எங்கே வைத்தது, எந்தப் பாட்டு என்பதால் வந்த வித்தியாசங்களைக் கவனித்தவர்கள், கண்ணால் பார்த்ததும் அவற்றைக் கவனிக்காமல் விட்டார்கள். அவர்கள் அந்தக் கம்பனியிலேயே வேலை செய்தவர்கள். அவர்களின் காதையே கண் ஏமாற்றியது என்றால் எங்களுடையதை எம்மாத்திரம் ஏமாற்றும்.

வீட்டில் இதைச் செய்ய ஆய்வுகூடம் வேண்டாம். மெல்லிய வொயில் சேலை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள், நல்ல இழை அடர்த்தியான துணி வேண்டாம், அது மேல் சுரங்களைத் தின்றுவிடும். வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு தாராளமாகப் போனால் ஒலியும் போகும். சேலைக்குப் பின்னால் இரண்டு சோடியையும் வைத்து, வயர் மாற்ற ஒருவரை நிறுத்துங்கள். எது ஓடுகிறது என்று அவர் வாய் திறக்கக் கூடாது, மச்சான் மச்சான் என்று கெஞ்சினாலும் சொல்லக் கூடாது.

இதில் ஆட்கள் விடுகிற பெரிய பிழை சத்தத்தைச் சமப்படுத்தாதது. பெரிய பொக்ஸின் உணர்திறன் கூட என்பதால் நொப் அதே இடத்தில் இருந்தாலும் அது சத்தமாக ஓடும், ஒரு டெசிபல் கூட ஓடினாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும், கூடச் சத்தம் என்று சொல்லாது. ஆகவே கைபேசியில் ஒலி அளக்கும் செயலி ஒன்றைப் போடுங்கள், இலவசமாகவே நிறைய இருக்கிறது. கைபேசியை நீங்கள் இருக்கப்போகிற கதிரையில் காது உயரத்தில் அசையாமல் வையுங்கள். பிங்க் நொய்ஸ் என்கிற இரைச்சல் கோப்பில் 500இல் இருந்து 2000 ஹேர்ட்ஸ் வரைக்கும் மட்டும் உள்ளதை எடுத்து ஓடவிட்டு, இரண்டு சோடியும் அரை டெசிபலுக்குள் வரும் வரைக்கும் நொப்பைத் திருத்தி, நொப்பின் அந்த இரண்டு இடத்தையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். முழு இரைச்சலையும் வைத்து அளந்தால் பேஸ் கூடின பக்கம் அளவைக் குழப்பிவிடும். கைபேசி சொல்கிற எண் சரியா பிழையா என்பது இங்கே முக்கியமில்லை, இரண்டுக்கும் ஒரே பிழையைத்தான் சொல்லும்.

எதைப் போட்டுக் கேட்பது? கடைக்காரர்கள் போடுகிற கண்ணாடி உடைகிற சத்தம், புகையிரதம் போகிற சத்தம், இவற்றால் ஒன்றும் தெரியாது. உங்களுக்கு நேரில் தெரிந்த சத்தத்தைப் போடுங்கள். எங்கள் பக்கத்து ஆளுக்கு மத்தளமும் சல்லரியும் தெரியும், உடுக்கு தெரியும், றபான் தெரியும், கோயில் வீதியில் நாதஸ்வரம் பக்கத்தில் வரும்போது காதுக்குள் எப்படிக் குடையும் என்று தெரியும். இவற்றின் நல்ல பதிவு ஒன்று கையில் இருந்தால் அதைவிடப் பெரிய அளவுகோல் வெளிநாட்டில் இருந்து வர வேண்டியதில்லை. எல்லாவற்றையும்விட உதவுவது ஆண் குரல் பேச்சு. வீட்டில் உள்ள ஒருவரை முற்றத்தில் நிறுத்தி, நல்ல கைபேசியில் மூன்று நிமிடம் பேச வைத்துப் பதியுங்கள். முற்றம் என்று சொல்வது சுவர் எதிரொலி பதிவில் வராமல் இருக்க. அதைப் போட்டதும் அப்பாவின் குரல் பானைக்குள் இருந்து வருகிற மாதிரிக் கேட்டால் அந்தப் பொக்ஸ் அந்த அறையில் 100 ஹேர்ட்ஸ் பக்கம் கூட்டிக் கொடுக்கிறது. பாட்டில் இது இனிமை மாதிரித் தெரியும், பேச்சில் ஒளிக்க முடியாது.

ஒரு சுற்று முடிந்ததும் இரண்டு சோடியையும் இடம் மாற்றி வைத்து மறுபடி கேளுங்கள். நின்ற இடம் நல்லதாக இருந்ததா, பொக்ஸ் நல்லதாக இருந்ததா என்று அப்போதுதான் பிரியும். இதைச் செய்தால் நேரம் போகும், ஒரு ஞாயிறு முழுதும் போகலாம். வாழ்நாளில் இரண்டாம் தரம் வாங்காத பொருளுக்கு ஒரு ஞாயிறு பெரிய விலை இல்லை. பிறகு இரவு ஒன்பது மணிக்கு, நீங்கள் வழமையாகக் கேட்கிற மெல்லிய சத்தத்தில் ஒரு தரம். சத்தம் குறையக் குறையக் காதுக்கு பேஸ் கேட்பது மற்றதைவிட வேகமாகக் குறைகிறது, ஃபிளெச்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து காட்டினார்கள். பெரிய பொக்ஸ்காரர்கள் சின்னச் சத்தத்திலும் நிறைவாக இருக்கிறது என்று சொல்வதில் பாதி இதுதான், கீழே இறங்குகிற பொக்ஸில் குறைத்து வைத்த பிறகும் கொஞ்சம் மிஞ்சும். அம்ப்ளிபயரில், மெல்லிய சத்தத்தில் பேஸைக் கூட்டிக் கொடுக்கிற லவுட்னஸ் பட்டன் இருந்தால் சின்னப் பொக்ஸுக்கு அதைப் போட்டுக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பழைய சோடி எடுக்கிறவர்களுக்கு

எங்கள் பக்கத்தில் பெரிய நல்ல பொக்ஸ் புதிதாக வருவதைவிடப் பழையதாக வருவதுதான் கூட. வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்தது, கொழும்பில் கைமாறுவது. முதலில் கோனைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள். றப்பர் என்றால் பெரும்பாலும் பயமில்லை. ஃபோம் என்றால் விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள், மாவாக உதிர்ந்தால் அதை மாற்ற வேண்டும். ஃபோம் வளையம் காற்றின் ஈரத்தால் தானாகவே கெடுகிற பொருள், பாட்டே போடாமல் மூடி வைத்திருந்தாலும் பத்துப் பதினைந்து வருடத்தில் போய்விடும். மாற்றுகிற வேலை கஷ்டமில்லை, ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

மல்ற்றிமீற்றரை வயர் முனையில் வைத்தால் 8 ஓம் பொக்ஸ் ஐந்தரையில் இருந்து ஏழு வரைக்கும் காட்டும், இரண்டு பொக்ஸும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்றரை வோல்ட் பற்றரி ஒன்றைப் பொக்ஸின் முனையில் ஒரு கணம் தொடவிட்டால் ஊஃபர் ஒரு பக்கம் அசையும், கரகரவென்று உரசினால் சுருள் இடம் மாறியிருக்கிறது, வேண்டாம் என்று வந்துவிடுங்கள். ட்வீற்றருக்கு நேரடியாகப் பற்றரி வைக்காதீர்கள். ட்வீற்றரைச் சோதிக்க, சத்தத்தைக் குறைத்துக் காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டால் போதும். கிறில் துணியைக் கழற்றிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

கொழும்பில் இருந்து மட்டக்களப்புக்கு ரோட்டில் 300 கிலோமீற்றருக்கு மேல். ஒவ்வொன்றும் 50, 60 கிலோ வருகிற பெட்டியைப் பட்டா லொறியில் தனியாகக் கட்டி அனுப்பாதீர்கள், கூட ஒரு ஆள் வர வேண்டும். நிமிர்த்தி வைக்க முடியாவிட்டால் முதுகில் படுக்க வையுங்கள், முகம் கீழே போகக் கூடாது. ஒரு தும்பு மெத்தையை லொறியிலேயே விரித்துக் கொண்டுவாருங்கள், அது வீட்டில் வேறு வேலைக்கும் உதவும், அதைப் பிறகு சொல்கிறேன்.

வைக்கும் இடம்

தலைகீழாகத் தொடங்குங்கள். ஒரு பொக்ஸை நீங்கள் இருக்கப்போகிற கதிரையின் இடத்தில் வையுங்கள், கனம் என்றால் அதை இரண்டு பேர் தூக்குங்கள். அம்ப்ளிபயரோடு இணைத்த கைபேசியில் ஒலி எழுப்பும் செயலியைப் போட்டு 30இல் இருந்து 120 ஹேர்ட்ஸ் வரைக்கும் மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு, நீங்கள் பொக்ஸ் வைக்க நினைத்த சுவர்ப் பக்கத்தில் நடந்து பாருங்கள், குனிந்து ஊஃபர் இருக்கிற உயரத்துக்குத் தலையைக் கொண்டுபோங்கள். சில இடத்தில் முழங்கும், சில இடத்தில் செத்துப்போகும், ஒரு சில இடத்தில் எல்லாச் சுரமும் ஏறக்குறைய ஒரே பலத்தோடு வரும். அந்த இடத்தில் டைல்ஸில் டேப் ஒட்டுங்கள். அங்கேதான் பொக்ஸ். பொக்ஸும் காதும் இடம் மாறினாலும் அறை ஒரே மாதிரித்தான் நடந்துகொள்ளும், அதனால்தான் இது வேலை செய்கிறது. முன்சுவருக்கும் பின்சுவருக்கும் சரிநடுவில் கதிரையைப் போடாதீர்கள், அந்த இடத்தில் முதல் முழக்கத்தின் சுரம் கேட்காமலே போகும்.

இந்த நேரத்தில் வீட்டில் எதெல்லாம் அதிர்கிறது என்பதும் தெரியவரும். சீலிங் சீற், அலுமாரிக் கண்ணாடி, சுவரில் மாட்டிய படம், ஷோகேஸில் உள்ள கோப்பைகள். பேஸ் கரகரக்கிறது என்று பொக்ஸைக் குறை சொல்கிறவர்களில் பாதிப்பேருக்குச் சீலிங் சட்டத்தில் ஆணி தளர்ந்திருக்கும். கதிரையில் ஒருவரை இருத்தி, மற்றவர் கையை வைத்து ஒவ்வொன்றாக அமத்திக்கொண்டு போனால் கண்டுபிடிக்கலாம்.

பின்பக்கம் துளை உள்ள பொக்ஸுக்குச் சுவரில் இருந்து கூடத் தூரம் தேவை. பொக்ஸின் முகத்தை உங்கள் பக்கம் எவ்வளவு திருப்புவது என்பது காதுதான், ஆனால் டைல்ஸ் ஹோலில் பெரும்பாலும் கூடத் திருப்புவது நல்லது, பக்கச் சுவரில் படுகிற மேல் சுரம் குறையும். இதே காரணத்தால்தான் கொம்புக் குழல் வைத்த பெரிய பொக்ஸை எங்கள் ஹோல்களுக்கு நான் சிபாரிசு செய்கிறேன். குழல் ஒலியைக் குறிப்பிட்ட பக்கத்துக்கு அனுப்பும், சுற்றிவர வீசாது. எதிரொலி கூடின அறையில் அது பெரிய உதவி. 20 சென்ரிமீற்றர் அகலமுள்ள ஒடுங்கிய பொக்ஸ் 600 ஹேர்ட்ஸுக்குக் கீழே எல்லாப் பக்கமும் ஒலியைச் சிந்தும், அகலமான முகம் அந்த எல்லையைக் கீழே கொண்டுபோகும். பெரிய பொக்ஸுக்கு ஆதரவாக யாரும் சொல்லாத, ஆனால் எங்கள் வீட்டுச் சுவருக்கு மிகப் பொருந்துகிற நியாயம் இது.

கூரான ஆணிக் கால்களைச் சீமெந்துத் தரையில் போட்டு அவ்வளவு பயனில்லை, டைல்ஸ்தான் வெடிக்கும். கிறனைட் துண்டு ஒன்றின் மேல் வையுங்கள்.

கையைத் தட்டிப் பாருங்கள், ஹோலில் டிர்ர் என்று ஒரு தொடர் சத்தம் வந்தால் எதிரெதிர்ச் சுவர்கள் பந்து விளையாடுகின்றன. பன்பாய் விரித்தால் மேல் சுரம் மட்டும் கொஞ்சம் அடங்கும், மெல்லிய பொருள் எதுவும் கீழ்ச் சுரத்தைத் தொடாது. அந்தத் தும்பு மெத்தை இப்போது தேவை. நாலைந்து அங்குலத் தும்பு மெத்தையை மருதமுனைக் கைத்தறித் துணியால் போர்த்து, சுவரில் இருந்து ஒரு சாண் இடைவெளி விட்டு, பக்கச் சுவரில் ஒலி முதலில் படுகிற இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்திக்கொண்டு போகட்டும், கதிரையில் இருந்து ட்வீற்றர் எங்கே தெரிகிறதோ அதுதான். விலை கூடின வயர் வாங்க வைத்திருக்கிற காசை இதற்குச் செலவழித்தால் வித்தியாசம் முதல் பாட்டிலேயே கேட்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஹோல் சின்னது, பெரிய சோடிக்கு இடமில்லை என்று வந்தால், நல்ல சின்னச் சோடியோடு, பேஸுக்கென்றே உள்ள தனிப் பொக்ஸான சப்ஊஃபர் இரண்டு எடுத்து, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக வையுங்கள். ஒன்று எழுப்புகிற முழக்கத்தில் ஒரு பங்கை மற்றது அழிக்கும், ஒரு பெரிய சப்ஊஃபரை மூலையில் வைப்பதைவிடச் சமமாக வரும். பெரிய பொக்ஸ் பக்கத்தில் நிற்கிற நானே இதைச் சொல்கிறேன், 12 அடிச் சதுர ஹோலுக்கு இதுதான் சரி.

உப்பும் மழையும்

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற ஊரில் இந்தப் பொருளை வைத்திருப்பது தனி வேலை. நிந்தவூர், ஒலுவில் பக்கம் கடற்கரையோடு உள்ள வீடுகளில் வயர் முனைகள் பச்சை பிடித்துவிடும். வருடத்துக்கு இரண்டு தரம் வயரைக் கழற்றி ஐசோபுரோபைல் அல்ககோலால் துடைத்து, செம்பு நுனியைப் புதிதாக வெட்டிக் கட்டுங்கள். பொக்ஸ் எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை என்றால் தண்ணீர்தான் எதிரி, அதிலும் நிலம் துடைக்கிற ஈரத் துணி. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பலகை குடித்து ஊதிவிடும், ஊதினால் திருத்த முடியாது. கிறனைட் துண்டு இதற்கும் உதவும். மார்கழியில் வெள்ளம் ஏறுகிற தாழ்ந்த காணி என்றால் கார்த்திகையிலேயே கல் அடுக்கி உயர்த்திவிடுங்கள், தண்ணீர் வந்த பிறகு 60 கிலோவை யாரும் தூக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் வெளிச்சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம், இடி தொடங்கினால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையும் அன்ரெனா வயரையும் கழற்றுங்கள். கரண்ட் போய்த் திரும்பி வருகிறபோது அம்ப்ளிபயர் போட்டபடி இருந்தால் அந்த டப் என்ற அடி ஊஃபருக்குத்தான் போகும், ஆகவே கரண்ட் போனதும் அணைத்துவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். கறையான் அடிப்பக்கத்தால்தான் வரும், மாதத்துக்கு ஒரு தரம் டோர்ச் அடித்துக் கீழே பார்த்துவிடுங்கள்.